பத்ரம் சாமி பெட்டகம் தேடிய கதை

ஊரில் யாரையும் நம்பாத மனிதர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தன்னையே நம்பாத மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வலியசாலைத் தெருவில் இருக்கிறார். வீட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், நாலு வீடு தாண்டிப் போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அதுவும் போதாமல் எதிரே வருகிறவரை நிறுத்தி, "ஓய், நீர் ஒரு தடவை இழுத்துப் பாரும்" என்பார். அந்த ஆள் இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று சொன்னால் போச்சு. நம்ம பூட்டில் இவனுக்கு என்ன இத்தனை அக்கறை என்று அவன்மேல் சந்தேகம் வந்துவிடும்.

எதற்கும் "பத்ரம், பத்ரம்" என்று சொல்வது அவர் வழக்கம். மழை பெய்தால் பத்ரம், பஸ் வந்தால் பத்ரம், பால் பொங்கினால் பத்ரம். அதனால் தெருவே சேர்ந்து பத்ரம் சாமி என்று பெயர் வைத்துவிட்டது. நிஜப் பெயர் எனக்குத் தெரியும். எழுத அனுமதி கிடைக்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தையில் அடங்காது, இருந்தாலும் முயற்சி செய்கிறேன். தோவாளைப் பக்கம் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருவனந்தபுரம் வந்து, இரும்புக்கடையில் கம்பி சுமந்து, வெல்டிங் பழகி, இன்றைக்குக் கரமனையில் சொந்தப் பட்டறை, பதினோரு பணிக்காரர்கள். நான் போட்ட கிரில்லை இதுவரை எந்தக் கள்ளனும் அறுத்ததில்லை. முயற்சி செய்த ஒருவன் பிளேடு ஒடிந்து அங்கேயே போட்டுவிட்டுப் போனான். அந்த ஒடிந்த பிளேடைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறேன். இங்கிலீஷ்கூட நானாகக் கற்றதுதான். கம்பிக் கட்டுகளில் தொங்கும் சீட்டைப் படித்துப் படித்தே கற்றேன். இதை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. பத்ரம் சாமியிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன்.

சாமி, அரசு அலுவலகம் ஒன்றில் ரிக்கார்டு அறையைக் காத்து ஓய்வு பெற்றவர். எழுபத்தினாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்குக் கிரில் போட என்னைக் கூப்பிட்டபோதே ஒரு நிபந்தனை வைத்தார். ஜன்னலின் நீளத்தை ஒரு பணிக்காரன் அளக்க வேண்டும், அகலத்தை இன்னொருவன் அளக்க வேண்டும். ஒருவன் அளந்தது மற்றவனுக்குத் தெரியக் கூடாது. இருவரும் தனித்தனியாக வந்து என் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டும். கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முன்வாசல், பின்வாசல், முற்றம், சமையல்கட்டு என்று நாலு கிரில் கதவு. திறக்காத நிலவறைக்குப் பேர் போன ஊர் இது. ஆனால் வலியசாலையில் சாமி வீட்டைக் காட்டித்தான் குழந்தைகளுக்கு அதை விளக்குவார்கள்.

பாஸ்வேர்டு விஷயத்திலும் அதே முறைதான். பென்ஷன், கரண்டு பில், கேஸ், ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் என்று எல்லாம் போனில் வந்துவிட்டதல்லவா? ஒவ்வொரு பாஸ்வேர்டையும் இரண்டாக வெட்டுவார். முன்பாதி பஞ்சாங்கத்தின் ஓரத்தில் இருக்கும். பின்பாதி ஊறுகாய்ப் பரணியின் அடியில் ஒட்டிய காகிதத்தில் இருக்கும். ஒரு நாள் வேலைக்கு வரும் அம்மாள் நல்ல மனதோடு பரணியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டாள். மூன்று பாஸ்வேர்டின் பின்பாதி சாக்கடையோடு போயிற்று. மறுநாளிலிருந்து அந்த அம்மாள் யாருடைய ஆள் என்று விசாரணை.

இப்படியே போயிருந்தால் நான் எழுதவேண்டிய அவசியம் வந்திருக்காது. போன ஜூன் மாதம் இடவப்பாதி மழையில் ஒரு நாள் காலை, சாமி பின்கட்டில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. நாலு கிரில்லும் உள்ளே பூட்டு. சாவிக்கொத்து அவர் இடுப்பில். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுப் பேராசிரியர் எனக்குப் போன் செய்தார். கம்பி அறுக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பின்வாசல் கிரில் வழியே பார்த்தால் சாமி தரையில் கிடக்கிறார். சாவிக்கொத்தை இந்தப் பக்கம் எறியும்படி சொன்னேன். கையெட்டும் தூரம்தான்.

"எறியலாம். யார் கையில போய் விழும்?" என்று கேட்டார்.

வெளியே நானும் பேராசிரியரும் பால்காரரும் நிற்கிறோம். மூவரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கொத்தை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அறுக்க ஆரம்பித்தேன். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். போட்டது யார் என்பதை மறந்துவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மூன்று டிஸ்க் தேய்ந்து போயிற்று. "பாத்தேளா, என் வேலைன்னா இதுதான்" என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை. உள்ளேயிருந்து முனகலுக்கு நடுவில் குரல் வந்தது.

"ஓய், ரெண்டாவது கம்பியை விட்டுட்டு மூணாவதை அறும். போன மாசமாக்கும் பெயிண்ட் அடிச்சது."

காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம். பெங்களூரிலிருந்து அக்கா பெண் ராஜி வந்து இறங்கினாள். கம்ப்யூட்டர் உத்தியோகம், வளவள என்று பேசமாட்டாள். அறுபட்ட கிரில்லைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், தீர்ப்பைச் சொன்னாள்.

"மாமா, ரெண்டே வழிதான். ஒண்ணு, எங்கூட பெங்களூர் வந்துடணும். இல்லைன்னா எல்லா பாஸ்வேர்டையும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர்ல போட்டு, ஆபத்துன்னா திறக்கறதுக்கு இந்த ஊர்லயே ஒரு ஆளை வைக்கணும். வாசல் சாவியும் அந்த ஆள்கிட்ட இருக்கணும். கட்டுப் பிரிக்கற அன்னிக்கு வருவேன். ஆள் இல்லைன்னா பெட்டி கட்டிண்டுதான் போவேன்."

பெங்களூரில் அவளுக்குப் பதினாலாவது மாடியில் ஃபிளாட். சாமி இந்தத் தெருவை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்ததில்லை. அவள் போன பிறகு என்னிடம் சன்னமாகச் சொன்னார், அங்கே ஜன்னலுக்குக் கிரில்லே கிடையாதாம். முகம் வெளுத்திருந்தது. மாவுக்கட்டுக்கு வெளுத்த முகம் இல்லை அது.

பாஸ்வேர்டு மேனேஜர் என்றால் ஒரு பெட்டகம். எல்லாப் பாஸ்வேர்டையும் தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும். பெட்டகத்தைத் திறக்கும் ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்டை மட்டும் நாம் நினைவில் வைத்தால் போதும். ராஜி மூன்று கம்பெனிப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் அவர்கள் பெட்டகத்தை மட்டும் விற்பதில்லை. கூடவே நாலு பாதுகாப்புகளைச் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டித் தருகிறார்கள். உன் விவரம் திருட்டுச் சந்தையில் கிடைக்கிறதா என்று பார்க்கும் டார்க் வெப் காவல், நீ இருக்கும் ஊரை மறைக்கும் வி.பி.என்., உன் மெயில் விலாசத்துக்குப் பதிலாகப் பொய் விலாசம், ஆபத்துக் காலத்தில் இன்னொருவர் திறக்கும் வசதி. சாமி பெரிய காகிதத்தில் கட்டம் போட்டார். மூன்று கம்பெனியையும் முதல் வரன், ரெண்டாம் வரன், மூணாம் வரன் என்றுதான் சொன்னார். பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார்.

நான் தினமும் சாயங்காலம் பருப்பு வடையோடு போவேன். அவரைச் சிறை வைத்தது என் கிரில்தானே, ஒரு தார்மீகம் வேண்டாமா? ஆபத்துக்குத் திறக்கும் அந்த ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிரில் போட்டவன், கிரில் அறுத்தவன், வடை கொண்டுவருகிறவன். வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன். சாமி வடையைக் கீழே வைத்தார்.

"உம்ம பாஸ்வேர்டு என்ன?"

"என் பேரும் என் முதல் வண்டி நம்பரும்."

"பாரும். நான் கேட்டேன், நீர் சொல்லிட்டீர். உம்மகிட்ட ஒரு ரகசியத்தைக் குடுக்கறதும் நாகர்கோவில் பஸ்ல நோட்டீஸ் ஒட்டறதும் ஒண்ணாக்கும்."

எனக்கு வருத்தம்தான். ஆனால் பட்டறையில் பதினோரு பேருக்கும் என் பாஸ்வேர்டு தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.

முதல் வரன் வி.பி.என்.னில் விழுந்தது. பத்து நாள் ஓசியில் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள். சாமி அதை முடுக்கினார். அது அவரை ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பதாக உலகத்துக்குக் காட்டியது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய் நிற்கிறேன், சாமி கதவைத் திறக்கவில்லை. ராகுகாலமாம். செவ்வாய்க்கு மூன்றிலிருந்து நாலரை என்பது என் பட்டறைப் பூனைக்குக்கூடத் தெரியும். அதைச் சொன்னேன்.

"மனப்பாடத்தை நம்பாதேயும். இதில ஏழரை வரைக்கும் போட்டிருக்கு."

பஞ்சாங்கம் பார்க்கிற இணையதளம் அவரை அந்த ஐரோப்பா ஊர்க்காரர் என்று நம்பி, அந்த ஊர் சூரியனுக்கு ராகுகாலம் கணித்துக் கொடுத்திருக்கிறது. நான் இரண்டு மணி நேரம் மழையில் நின்றேன். வடை கஞ்சியாகிவிட்டது. கடைசியில், அஸ்தமனம் இரவு பத்து மணி என்று இருப்பதைப் பார்த்துச் சாமியே ராஜிக்குப் போன் செய்தார். அவள் சிரித்ததில் போன் அதிர்ந்தது. "இந்த வயசுக்கு மேல வெளியூர்க்காரன்னு பொய் சொல்லிண்டு இருக்கணுமா?" என்று முதல் வரனை அடித்துவிட்டார்.

இரண்டாம் வரனுக்கு ஜாதகம் கேட்டார். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கம்பெனி எந்த நாளில், எந்த நேரத்தில் தொடங்கப்பட்டது என்று அவர்கள் உதவி மேஜைக்கு எழுதினார். ரகசியம் காக்கிறவனுக்கு எட்டாம் இடம் பலமாக இருக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. அந்தத் தகவல் எங்களிடம் இல்லை, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறந்த நேரத்தை மறைக்கிறான், குடும்பம் சரியில்லை என்றார் சாமி. ரகசியம் காக்கிறவன் மறைக்கத்தானே வேண்டும் என்று நான் கேட்டேன். சற்று யோசித்து, அதுவும் வாஸ்தவம் என்று ஒரு மார்க் கூட்டினார். மறுநாள் எதற்கோ அரை மார்க் குறைத்தார்.

மூணாம் வரனில் சோதனைக்காக ஒரு பெரிய பாஸ்வேர்டு வைத்தார். சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டார். கம்பெனிக்கு எழுதினால், அதை எங்களாலும் மீட்டுத் தர முடியாது என்று பதில். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். சாமிக்குக் கண்ணில் ஒளி வந்தது. "சொந்தக்காரன் கெஞ்சினாலும் தரமாட்டேங்கறான் பாரும். இவனாக்கும் ஆள்" என்றார். புதிதாகக் கணக்குத் தொடங்கினார். அதையும் மறந்தார். மூன்றாவது தடவைதான் நின்றது.

இப்படியே நாலு வாரம் ஓடிற்று. ஒரு நாள் அந்தக் காகிதத்தை நானே எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் பொடி எழுத்தில் குறிப்புகள். ஆபத்துக்குத் திறக்கும் ஆள் என்ற கட்டம் மட்டும் மூன்று வரனுக்கும் காலி. அப்போதுதான் புரிந்தது. நாலாம் வகுப்பு என்றாலும் இதெல்லாம் எனக்கு உடனே புரிந்துவிடும், நாலு வாரம்தான் ஆயிற்று. சாமி பெட்டகம் தேடவில்லை. ஆளைத் தேடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். பேராசிரியர் பெயரைச் சொன்னேன். அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர், ஆகாது என்றார். கோவில் பூஜைக்காரர் பெயரைச் சொன்னேன். அவர் திருவுண்ணாழி என்கிற கருவறையைப் பூட்டிவிட்டு ஒரே தடவைதான் இழுத்துப் பார்க்கிறார் என்றார்.

கட்டுப் பிரிக்க ஒரு வாரம் இருக்கும்போது டார்க் வெப் காவலைச் சோதித்தார். மெயில் விலாசத்தைக் கொடுத்தால், அது எந்தெந்தத் தளத்திலிருந்து திருட்டுப் போயிருக்கிறது என்று சிவப்பில் காட்டும். அன்று அவர் மூக்குக்கண்ணாடியின் காது ஒடிந்து கடைக்குப் போயிருந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

"எத்தனை சிவப்பு இருக்குன்னு மட்டும் எண்ணிச் சொல்லும்."

எண்ணச் சொன்னால் எண்ணுகிற ஆளா நான்? என் இங்கிலீஷைக் காட்ட இதைவிட நல்ல சமயம் உண்டா? முதல் சிவப்பு ரயில் டிக்கெட் எடுக்கிற இடம். சத்தமாகப் படித்தேன். இரண்டாவது ஒரு மருந்துக்கடை. அதையும் சத்தமாகப் படித்தேன். மூன்றாவதை எழுத்துக் கூட்டினேன். சத்தம் வரவில்லை. கூட்டும்போது என் உதடு அசையும், அது என் பழக்கம். உதடு அசைந்ததைச் சாமி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. பல வருஷத்துக்கு முன்னால், தெருவில் யாருக்கும் தெரியாமல், அவர் ஒரு தடவை போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்த இடம் அது. குற்றமில்லை, அசிங்கமுமில்லை. ஆனால் தெரு சிரிக்கும்.

"படிச்சுட்டீரா?" என்றார்.

"எங்க சாமி படிக்க? நான் நாலாங்கிளாசுலா. எனக்கு இங்கிலீஷ் வராது."

"முதல் ரெண்டையும் படிச்சீரே?"

"அது தெரிஞ்ச எழுத்து. இது வேற மாதிரி கெடக்கு."

என் வாழ்க்கையில் எனக்கு ஒன்று வராது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வடையைத் தின்னாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஏழு நாளும் நான் பட்ட பாடு பிள்ளை பெறுகிறவள் பட்டிருக்க மாட்டாள். சாயாக்கடையில் கேட்டார்கள், சாமி போனில் ஏதோ வந்ததாமே, நீர் முகம் ஒரு மாதிரி ஆகி வெளியே வந்தீராமே என்று. பேராசிரியர் கேட்டார். என் வீட்டுக்காரி இரண்டு நாள் விடாமல் கேட்டாள். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று எல்லாரிடமும் சொன்னேன். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பெருமை ஒரே வாரத்தில் மண்ணாயிற்று. பட்டறையில் ஒருவன், அப்படியானால் முதலாளி இவ்வளவு காலம் எங்களிடம் அளந்ததெல்லாம் என்ன என்று கேட்டேவிட்டான். வாயை வெல்டிங் வைத்தது போல உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

கட்டுப் பிரித்த அன்று ராஜி வந்தாள். கையில் ஒரு காலிப் பெட்டி. அதைச் சாமியின் பார்வை படுகிற இடத்தில் திறந்தே வைத்தாள். நான், பேராசிரியர், பூஜைக்காரர் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எந்தக் கம்பெனி என்று கேட்டாள். மூணாம் வரன் என்றார் சாமி. காரணம் சொன்னார். அதில் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி அந்த ஆள் கேட்டால் இவர் போனுக்குத் தகவல் வரும். இரண்டு நாளுக்குள் இவர் மறுத்துவிட்டால் திறக்காது. மறுக்கக்கூட முடியாமல் கிடந்தால் மட்டும் தானாகத் திறக்கும்.

"ஷெரி மாமா. ஆள் யாரு?"

சாமி போனை மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு விரலால் தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை நிறுத்தினார். பெட்டி திறந்தபடியே கிடந்தது. நான் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். வேறு யார் பெயரோ வருவதை உட்கார்ந்து கேட்க எனக்கு மனதில்லை. அப்போது என் சட்டைப் பையில் போன் ஒரு தடவை மணி அடித்து அடங்கியது. நான் எடுக்கவில்லை.

"ஓய், உம்ம போனாக்கும். பாரும்" என்றார் சாமி.

எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் நாலு வரி. நடுவில் சாமியின் நிஜப் பெயரும் என் பெயரும். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி போட வேண்டிய வயதுதான்.

"இவருக்கு இங்கிலீஷ் வராது. ராஜி, நீ படிச்சுக் காட்டு" என்றார்.

ராஜி எட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்தாள். "இவரா? மாமா, இவர் வாயைப் பத்தி நீங்கதானே போன்ல..."

"இவர் வாய் எனக்குத் தெரியும்" என்றார் சாமி. இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, வாசல் சாவி ஒன்றை மட்டும் கழற்றி, என் கைக்கு எட்டாமல் நடுவில் தரையில் வைத்தார். நானாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ராஜி பெட்டியை மூடினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க, பெட்டகத்தைத் திறக்கக் கேட்டு அமுக்கினேன். இரண்டு நிமிஷத்தில் மறுத்துவிட்டார். கூடவே போன்: "ஓய், ஜீவனோடதான் இருக்கேன்." அடுத்த திங்கட்கிழமையும் அமுக்கினேன். அதையும் மறுத்தார். இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது. ஏழு மணிக்கு நான் கேட்பேன், ஏழு பத்துக்குள் அவர் மாட்டேன் என்பார். ஒரு திங்கள் மட்டும் ஒன்பதரை வரை ஒன்றும் வரவில்லை. சாவி பையில் இருக்கிறது என்பதே மறந்து, கிரைண்டரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஓடினேன். சாமி வாசலில் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தார். போன் உள்ளே சார்ஜில். கிரைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் போனை எடுத்து, என் கண்முன்னாலேயே மறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இந்தத் திங்கட்கிழமையும் ஏழு மணிக்கு அமுக்கினேன். வீட்டுக்காரி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. ஆறுகிறது என்றாள். ஏழு எட்டுக்குச் சாமி மறுத்துவிட்டார். அப்புறம்தான் டம்ளரை எடுத்தேன்.